ஐடிலிங் ஆடுகிறதா? பானட்டுக்குள் புதிதாக மாட்டிய டப்பாவை முதலில் பாருங்கள்

போன வாரமும் ஒரு வண்டி வந்தது. சிக்னலில் நின்றால் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, ஆர்பிஎம் 1500-க்கு ஏறுகிறது, 800-க்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. ஏசி போட்டால் சில நேரம் வண்டியே ஆஃப் ஆகிவிடுகிறது. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஜேசி ரோடு பக்கம் எங்கள் ஷெட்டுக்கு வருவதற்குள், சில்க் போர்டு ஜங்ஷன் டிராஃபிக்கில் உயிர் போய் வந்ததாம். ஓட்டி வந்த தம்பி ஏற்கெனவே பிளக் மாற்றி, இன்ஜினுக்குக் காற்றை விடும் கதவான த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஒரு சென்சாரும் வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார். பானட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் நீலக் கலரில் பளபளவென்று ஒரு ஆயில் கேட்ச் கேன் (இன்ஜினிலிருந்து வரும் வாயுவில் இருக்கும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா), அதன் தலையில் ஒரு குட்டி ஃபில்டர்.

"இது எப்போ போட்டீங்க?"

"ஒரு மாசம் இருக்கும்ணா. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

எல்லாச் சம்பந்தமும் அதோடுதான். இதே டப்பா, இதே கோளாறு, இதே பதில். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

"இன்ஜின் ஃப்ரீயா மூச்சு விடணும்ணா, கம்பெனிக்காரன் அடைச்சு வச்சிருக்கான்" என்கிறார்கள் இதை மாட்டுகிறவர்கள். எந்த வீடியோவில் இது ஆரம்பித்ததோ தெரியவில்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு வெளியே போக வேண்டும் என்பது சரிதான். அதற்குத்தான் பிசிவி வால்வு இருக்கிறது, அந்த வாயுவை இன்ஜினே திரும்ப இழுத்து எரிக்க வழிவிடும் சின்ன வால்வு. 1961-இலேயே கலிபோர்னியாவில் கட்டாயமாக்கிய சமாச்சாரம் அது. ஆனால் அந்த வால்விலிருந்து போகும் பைப் வெறும் புகைபோக்கி என்று நினைப்பதில்தான் வம்பே ஆரம்பிக்கிறது. அதன் மறுமுனை, த்ராட்டிலைத் தாண்டிய காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கிறது. ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும்போது அங்கே வேக்குவம் பலமாக இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிகூட உள்ளே இருக்காது. அந்த நேரத்தில் பிசிவி வால்வு தன் வழியைக் குறுக்கிக்கொண்டு, கொஞ்சம் காற்றை மட்டும் உள்ளே விடும். கம்பெனி ஐடிலிங் கணக்குப் போட்டது அந்தக் கொஞ்சத்தையும் சேர்த்துத்தான். நீங்கள் வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில், ஃபில்டர் வைத்த டப்பாவை மாட்டினால், அந்த ஃபில்டர் வழியாக வெளிக்காற்று வால்வைத் தொடாமலே நேராக மேனிஃபோல்டுக்குப் போகிறது. அளந்து உலை வைத்த பானையில் பின்னாலிருந்து யாரோ சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி.

வால்வைக் கழற்றிவிட்டு வெறும் பைப்பைச் சொருகினாலும் இதே கதைதான்.

அப்புறம் என்ன ஆகும் என்பது சென்சாரைப் பொறுத்தது. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் வண்டியில் இந்தக் காற்று கணக்கிலேயே வராது. கலவை லீன் ஆகும், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறையும். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் (பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) ஐடிலிங்கில் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும், 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் இயல்புக்கு இறங்கிவிடும். இப்படித் தெரிந்தால் ஏர் லீக்கைத்தான் முதலில் தேட வேண்டும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியில் இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், அந்தக் காற்றைப் பார்த்துவிடும், அதற்கேற்ற பெட்ரோலையும் ஊற்றும். அதனால் டிரிம் ஒழுங்காகத் தெரியும், ஐடிலிங் மட்டும் ஏறி நிற்கும். த்ராட்டிலை முழுக்க மூடியும் ஆர்பிஎம் இறங்காவிட்டால் இசியு பெட்ரோலை வெட்டும். விழுந்ததும் திரும்பக் கொடுக்கும். நீங்கள் பார்க்கும் ஆட்டம் அதுதான். ஸ்கேனரில் கோளாறு கோட் வரவில்லையே என்று சென்சார் சென்சாராக வாங்கிக் குவிக்காதீர்கள்.

இன்னொரு கூட்டம் இன்ஜின் தலைமேல் இருக்கும் டேப்பட் கவரில் கூம்பு மாதிரி கோன் ஃபில்டர் வைத்துவிட்டு, ஏர் பைப்பில் மிச்சமிருக்கும் ஓட்டையை அப்படியே விட்டுவிடும். பெங்களூரில் எந்த ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கவில்லை? அந்தத் தூசி முழுக்க ஏர் ஃபில்டரைத் தொடாமல் நேராக சிலிண்டருக்குள். சிலர் எல்லாவற்றையும் அடைத்தே விடுகிறார்கள். உள்ளே அழுத்தம் ஏறி அவர்களுக்கு ஆயில் சீல் வேலை வரும், டிப்ஸ்டிக் தானாக எழும்பும். எங்களுக்கு நல்ல வருமானம், வேறென்ன சொல்ல.

டப்பாவில் சேர்ந்த பால்கலர் திரவத்தை போட்டோ எடுத்து அனுப்பி, "பாருங்கண்ணா, இவ்வளவு அழுக்கு" என்கிறார்கள். அதில் நிறைய வெறும் தண்ணீர். டிசம்பர் குளிரில் இரண்டு கிலோமீட்டர் ஆபீஸ் போய்வரும் வண்டியில் ஆயில் மூடிக்கு அடியிலும் அதே வெள்ளைப் பசை இருக்கும். கூலன்ட் குறையவில்லை என்றால் பயப்படாமல் ஓசூர் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வாருங்கள்.

கேட்ச் கேனே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ வண்டியில் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது, கார்பன் படியும். அங்கே ஒரு நல்ல டப்பாவுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் அது முழுக்க மூடிய டப்பாவாக இருக்க வேண்டும். பிசிவி வால்வும், டர்போ வண்டியில் காற்று திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வும் தம் இடத்திலேயே இருக்க வேண்டும். டப்பாவை நேரத்துக்குக் காலி செய்யவும் வேண்டும். சாதாரண சின்னக் காருக்கு வேண்டவே வேண்டாம். சட்டம் வேறு இருக்கிறது: கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. எமிஷன் டெஸ்டில் பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆடுகிற ஐடிலிங்கோடு போய் அங்கே நிற்காதீர்கள்.

பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டருக்கும் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் அதே மேனிஃபோல்டு வேக்குவம்தான். டப்பா மாட்டியபின் பெடல் கட்டையாகத் தெரிந்தால் அன்றே கழற்றுங்கள். இதில் மட்டும் "அடுத்த வாரம் பாக்கலாம்ணா" வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஷெட்டுக்கு வருமுன் ஒன்று செய்து பாருங்கள். ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து, வாயை ஒரு கெட்டி அட்டையால் மெல்ல மூடுங்கள். சூடான ஆயில் தெறிக்கும், கை பத்திரம். அட்டையை லேசாக இழுத்துப் பிடித்தால் பிசிவி வேலை செய்கிறது. புஸ் புஸ்ஸென்று தள்ளினால் வால்வு அடைத்திருக்கலாம், ரிங்கும் தேய்ந்திருக்கலாம். அதை எந்த டப்பாவும் சரிசெய்யாது. அப்புறம், கழற்றிய ஒரிஜினல் பைப்பையும் வால்வையும் குஜிரியில் (பழைய சாமான் கடையில்) போட்டுவிடாமல் வண்டியிலேயே வைத்திருங்கள். வளைந்த அந்த பைப் சில மாடலுக்குக் கடையில் சட்டென்று கிடைப்பதில்லை. ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதுவரை வண்டி என் ஷெட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.