அணு உட்கார இடம் தேடும் நேரம்

தொடுதிரையில் விரல் வைக்கும் இடத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தி ஒன்று இருக்கிறது. இண்டியம் ஆக்சைடில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்து கண்ணாடிமேல் படியவைத்த படலம் அது; தடிமன் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதே பொருளை அதே கருவியில், ஆக்சிஜனை மட்டும் சற்றுக் கூட்டிப் படியவைத்தால் மின்தடை எகிறிவிடும். மிகவும் குறைத்தாலோ படலம் பழுப்பேறி ஒளியை விழுங்கத் தொடங்கும்.

காரணம் காலியிடங்கள். ஆக்சைடில் உலோகத்தின் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருப்பது ஆக்சிஜன். ஓர் ஆக்சிஜன் அணு இல்லாமல் போனால் இரண்டு எலக்ட்ரான்கள் மிஞ்சும். பல ஆக்சைடுகளில் அவை படலத்துக்குள் உலவி மின்சாரத்தைக் கடத்தும். இதைக் குறைபாடு என்று பாடநூல்கள் அழைப்பதில் எனக்கு வருத்தமே. இண்டியம் ஆக்சைடின் அருமையில் பாதி அதில்தான் இருக்கிறது. ஒளி புகும், மின்சாரமும் கடத்தும் ஆக்சைடுப் படலத்தை 1907-லேயே ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் பேடக்கர் காட்மியத்தைக் கொண்டு செய்து காட்டினார்.

இன்று பெரும்பாலும் ஸ்பட்டரிங் முறைதான். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆர்கான் வாயுவும் சிறிது ஆக்சிஜனும் விட்ட கலத்துக்குள், மின்னேற்றம் பெற்ற ஆர்கான் அணுக்களான ஆர்கான் அயனிகள் உலோகத் தகட்டை மோதி அணுக்களைப் பெயர்த்தெடுக்கின்றன. பெயர்ந்த அணு எதிரே உள்ள கண்ணாடியில் விழுந்ததும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. பரப்பில் நகர்ந்து, வசதியான இடம் தேடும். ஆனால் அடுத்தடுத்து வந்து விழும் அணுக்கள் அதை மூடிவிடும். அதற்குள் எவ்வளவு தூரம் நகர முடிந்தது என்பதில்தான் படலத்தின் குணம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

நகர்வதற்குத் தெம்பு கொடுப்பது வெப்பம். சூடேற்றாத கண்ணாடியில் படியும் டைட்டானியம் டைஆக்சைடு பெரும்பாலும் ஒழுங்கற்ற படலமாகவே நிற்கும். சில நூறு டிகிரி சூடேற்றினால் அனடேஸ் என்ற படிகம். இன்னும் ஏற்றினால் அணுக்கள் வேறுவிதமாக அடுக்கப்பட்ட ரூட்டைல் படிகம். வேதி வாய்பாடு மாறவே இல்லை. ஆனால் ஒளிவிலகல் எண், உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் எல்லாம் மாறிவிடுகின்றன.

வாயு அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. அழுத்தம் கூடினால் அணு வழியெல்லாம் ஆர்கானோடு மோதி, சோர்ந்துபோய் வந்து சேரும். படலத்தில் நுண்துளைகள் மிகும். லென்சின் மேற்பூச்சில் இது கேடு, ஈரம் உள்ளே புகுந்து ஒளிவிலகலை மாற்றிவிடும். வாயுவை உணரும் வெள்ளீய ஆக்சைடுப் படலத்துக்கோ அதே துளைகள் வரம். அழுத்தம் குறைந்தால் படலம் அடர்த்தியாகும். ஆனால் உள்ளே இறுக்கம் ஏறி, சில நேரம் தானாகவே உரிந்து வந்துவிடும்.

என்னை மிகவும் ஈர்ப்பது வனேடியம். அதற்குப் பல ஆக்சைடுகள் உண்டு. அவற்றில் வனேடியம் டைஆக்சைடுதான் ஏறத்தாழ 68 டிகிரி செல்சியசில் மின்தடைப் பொருளாக இருந்து உலோகம்போல் மாறுகிறது. ஆக்சிஜன் சற்றுத் தவறினால் வேறொரு ஆக்சைடு படிந்துவிடும். சிக்கல் அதோடு முடியவில்லை. ஆக்சிஜன் ஓர் அளவைத் தாண்டினால் மூலத் தகட்டின் மேற்பரப்பே ஆக்சைடாகி, படியும் வேகம் சட்டென்று விழும். உடனே வாயுவைக் குறைத்தாலும் பழைய நிலை திரும்பாது. வெகுவாகக் குறைத்த பிறகே தகடு தெளியும். அதனால் சில கருவிகளில் கலத்துக்குள் ஒளிரும் அயனி வாயுவான பிளாஸ்மாவின் ஒளியில் உலோகத்துக்குரிய நிறக்கோடு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று இடைவிடாமல் அளந்து, அதற்கேற்ப ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.