காலை உணவைத் தவிர்த்தால் எடை கூடுமா? உடல் பருமன் ஆய்வில் காரணத்தைக் கண்டறியும் வழிகள்

காலையில் சாப்பிடாவிட்டால் எடை கூடும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை பெரும்பாலும் கணக்கெடுப்புகள்தான். ஆயிரக்கணக்கானவர்களிடம் காலையில் சாப்பிடுவீர்களா என்று கேட்டு, எடையையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிட்டார்கள். சாப்பிடாதவர்களின் சராசரி எடை கூடுதலாக இருந்தது. எண்ணிக்கையில் தவறில்லை. ஆனால் ஏற்கெனவே எடை கூடிய ஒருவர் அதைக் குறைப்பதற்காகவே காலை உணவை நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் எடைதான் காரணம், உணவைத் தவிர்த்தது விளைவு. இரவுப் பணி, தூக்கக் குறைவு, வருமானம் போன்ற மூன்றாவது காரணி ஒன்று இரண்டையும் சேர்த்தே இழுத்து வரவும் வாய்ப்புண்டு. வயது, வருமானம் ஆகியவற்றின் பாதிப்பைப் புள்ளியியல் முறையில் கழித்துவிட்டோம் என்று ஆய்வாளர்கள் எழுதுவார்கள். அளந்ததை மட்டும்தான் கழிக்க முடியும், அதுவும் எவ்வளவு துல்லியமாக அளந்தார்களோ அவ்வளவுக்குத்தான்.

இந்த முடிச்சை அவிழ்க்கக் குலுக்கல் முறை வேண்டும். யார் சாப்பிட வேண்டும், யார் தவிர்க்க வேண்டும் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தால், அளந்த காரணிகளும் அளக்காதவையும் இரு குழுக்களிலும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் எடை குறைக்க விரும்பிய 309 பேர் 16 வாரங்கள் இப்படிப் பிரிக்கப்பட்டார்கள். காலை உணவு எடையில் வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. 2019இல் 13 குலுக்கல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காலையில் சாப்பிட்டவர்களே சராசரியாக 0.44 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அந்த ஆய்வுகளில் பல சிறியவை, சில வாரங்களே நீடித்தவை. அதனால் 'தவிர்த்தால் இளைக்கலாம்' என்று அடுத்த ஆலோசனைக்குத் தாவிவிடக் கூடாது. 'தவிர்த்தால் கூடும்' என்ற பழைய உறுதிக்கு அடிப்படை இல்லை என்பதுவரைதான் சொல்லலாம்.

குலுக்கலுக்கு முன்பே தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் அளவீடு. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் குறைத்துத்தான் சொல்கிறார்கள். 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பருமனானவர்களைச் சோதித்தது. அவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க உதவியது இரட்டை ஐசோடோப்பு நீர். கன ஹைட்ரஜனும் ஆக்சிஜன்-18உம் (இவ்விரு தனிமங்களின் சற்றுக் கனமான வகைகள்) கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரங்கள் சிறுநீர் மாதிரிகளைச் சேகரிப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலை விட்டு வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்திலிருந்து எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு உண்டானது, அதிலிருந்து எத்தனை கலோரி செலவானது என்று கணக்கிடலாம். எடை மாறாமல் இருப்பவருக்குச் செலவும் வரவும் ஒன்றுதான். பணம் அதிகம் பிடிக்கும் முறை என்பதால் பெரிய ஆய்வுகள் பலவும் இன்னும் கேள்வித்தாளையே நம்பியிருக்கின்றன. அவற்றின் முடிவுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

குலுக்கல் முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. தனக்கு எது கிடைத்தது என்று தெரிந்தவர் மற்ற பழக்கங்களையும் மாற்றிக்கொள்வார். மாத்திரை என்றால் ஒரே நிறத்தில் போலி மாத்திரை கொடுத்து மறைக்கலாம், இட்லியை எப்படி மறைப்பது? ஆனால் பானத்தை மறைக்க முடியும் என்று நெதர்லாந்தில் காட்டினார்கள். ஏறத்தாழ 5 முதல் 12 வயது வரையிலான 641 குழந்தைகளுக்கு 18 மாதங்கள் தினமும் 250 மில்லி பானம். பாதிப் பேருக்குச் சர்க்கரை சேர்த்தது, 104 கலோரி. மீதிப் பேருக்குச் செயற்கை இனிப்பூட்டி சேர்த்தது. எது எவருக்கு என்று குழந்தைக்கும் தெரியாது, எடை பார்த்தவருக்கும் தெரியாது. இனிப்பூட்டியான சுக்ரலோஸ் சிறுநீரில் இருக்கிறதா என்று பார்த்து, பானத்தை உண்மையிலேயே குடித்தார்களா என்பதையும் சோதித்தார்கள். சர்க்கரைக் குழு 7.37 கிலோ கூடியது, மற்றது 6.35 கிலோ. வளரும் வயதில் இரண்டுமே கூடத்தான் செய்யும், வித்தியாசமான ஒரு கிலோதான் விடை. ஏற்கெனவே இனிப்புப் பானம் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகளை மட்டுமே சேர்த்துக்கொண்டார்கள். குடிக்காத குழந்தையைக் குடிக்கப் பழக்குவது அறமாகாது. சுமார் கால்வாசிப் பேர் நடுவில் பானத்தை நிறுத்திவிட்டது இந்த ஆய்வின் பலவீனம். இடையில் விலகுபவர்கள் இரு குழுக்களிலும் ஒரே மாதிரியானவர்களாக இல்லாவிட்டால், குலுக்கலில் கிடைத்த சமநிலை குலைந்துவிடும்.

எதை அறிய வேண்டுமோ அதையே குலுக்க முடியாத இடங்களும் உண்டு. உனக்குத் தாய்ப்பால், உனக்கு இல்லை என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. பெலாரஸில் இதற்குக் குறுக்கு வழி கண்டார்கள். 1996-97இல் 31 மகப்பேறு மருத்துவமனைகளைக் குலுக்கி, ஒரு பகுதியில் மட்டும் ஊழியர்களுக்குத் தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சேர்க்கப்பட்ட குழந்தைகள் 17,046 பேர். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் பயிற்சி பெற்ற பக்கம் 43.3 சதவீதம், மற்றப் பக்கம் 6.4 சதவீதம். தலையீடு வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ஆனால் ஆறரை வயதிலும் பதினொன்றரை வயதிலும் அளந்தபோது, தாய்ப்பால் கூடுதலாகக் கிடைத்த குழுவில் பருமன் குறையவில்லை. கணக்கெடுப்புகள் காட்டிவந்த 'பாதுகாப்பு' பெரும்பாலும் தாய்மார்களின் படிப்பு, வசதி, பழக்கங்கள் ஆகியவற்றிலிருந்து வந்திருக்க வேண்டும். இதே ஆய்வில் தாய்ப்பால் குழந்தைகளின் வயிற்றுத் தொற்றைக் குறைத்தது. ஆகவே தாய்ப்பால் கொடுப்பதற்கு நல்ல காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

மருத்துவமனைகளையோ பள்ளிகளையோ குலுக்கும்போது அடிக்கடி நடக்கும் பிழை, ஒவ்வொரு குழந்தையையும் தனித் தரவாக எண்ணிவிடுவது. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். எடுத்துக்காட்டாக, பள்ளிக்கு 40 பேர், அவர்களுக்குள் உள்ள ஒற்றுமையின் அளவு 0.02 என்று வைத்துக்கொண்டால், 1 + 39 × 0.02 = 1.78. 400ஐ இந்த 1.78ஆல் வகுத்தால், அந்த 400 மாணவர்கள் கணக்கில் 225 பேருக்குத்தான் சமம். ஒரு பள்ளியில் திட்டம், இன்னொரு பள்ளியில் இல்லை என்றால், எத்தனை நூறு பேர் இருந்தாலும் ஒப்பிடுவது இரண்டே இரண்டு பள்ளிகளைத்தான். ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல் பருமனான குழந்தைகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஓராண்டு கழித்து அளப்பது இன்னும் மோசம். உச்சத்தில் இருந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர், எதுவும் செய்யாமலே சராசரியை நோக்கி இறங்குவார்கள். அந்த இறக்கத்தை எந்தத் திட்டமும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும்.

மிக இறுக்கமான கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஆட்களை ஆய்வகத்துக்குள்ளேயே தங்கவைக்க வேண்டும். 2019இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் ஊட்டச்சத்து ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 20 பேரை நான்கு வாரங்கள் மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டது. இரண்டு வாரங்கள் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரங்கள் பதப்படுத்தப்படாத உணவு. எது முதலில் என்பது குலுக்கலில். இதில் ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஒப்பீடு என்பதால் 20 பேரே போதுமானார்கள். தேவையைப் போல் இரு மடங்கு உணவு தட்டில் வைக்கப்படும், விரும்பிய அளவு சாப்பிடலாம். பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரு பக்கமும் சமம். பதப்படுத்திய உணவில் நார்ச்சத்து போதாது என்பதால் அதைப் பானத்தில் கரைத்துக் கொடுத்தார்கள். எடை ஏறுவது உடையின் இறுக்கத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று தளர்வான உடைகள். பதப்படுத்திய உணவின்போது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று. எடை 0.9 கிலோ ஏறியது, மற்ற உணவின்போது அதே அளவு இறங்கியது.

காரணம் இருக்கிறது என்பது இங்கே நிரூபணமாயிற்று, எந்தக் காரணம் என்பது ஆகவில்லை. நார்ச்சத்தைப் பானத்தில் போட்டதால் சமமானது மொத்தக் கணக்குதான். பானத்தைத் தவிர்த்துப் பார்த்தால், பதப்படுத்திய உணவில் ஒவ்வொரு கிராமிலும் கலோரி அதிகம். அதை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடையைக் கூட்டியது கலோரி அடர்த்தியா, மென்மையா, வேகமா என்பதை ஒவ்வொன்றாக மாற்றித்தான் பிரித்தறிய முடியும். இரண்டு வாரத்தில் நடந்தது இரண்டு ஆண்டுக்கும் தொடருமா என்பதையும் ஆய்வக அறைக்குள் வைத்துச் சொல்ல முடியாது.

நீண்டகாலக் கேள்விகளுக்கு மரபணுவைத் துணைக்கழைக்கிறார்கள். உடல் எடையோடு தொடர்புள்ள எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை கொண்டவர்கள் என்று 2007இல் தெரியவந்தது. இந்த வடிவம் கருவுறும்போதே கிட்டத்தட்டக் குலுக்கல் போல அமைகிறது. பிறகு வரும் வேலை, வருமானம், நோய் எதுவும் அதை மாற்றாது. பருமனும் உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதமும் சேர்ந்தே கூடுகின்றன, எது எதைக் கூட்டுகிறது? டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பொதுமக்களிடம் திரட்டிய தரவில் 2011இல் இதைப் பார்த்தார்கள். எடையைக் கூட்டும் மரபணு வடிவம் உள்ளவர்களுக்குச் சி.ஆர்.பி.யும் கூடியிருந்தது. சி.ஆர்.பி.யைக் கூட்டும் வடிவம் உள்ளவர்களுக்கு எடை கூடவில்லை. அம்பின் திசை எடையிலிருந்து அழற்சிக்கு.

அந்த மரபணு எடையைத் தவிர வேறு வழியாகவும் விளைவைத் தொட்டுவிட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். பெற்றோரின் மரபணு அவர்கள் வீட்டுச் சமையலையும் வசதியையும் பாதித்தால், குழந்தைக்கு வந்த மரபணுவோடு அந்தச் சூழலும் கூடவே வந்துவிடும். இதனால்தான் இப்போது உடன்பிறந்தவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடும் ஆய்வுகள் பெருகுகின்றன. அண்ணனுக்கு வந்த வடிவம் தங்கைக்கு வரவில்லை என்றால், அது ஒரே வீட்டுக்குள் நடந்த குலுக்கல். ஆனால் அவர்களுக்கிடையே மரபணு வேறுபாடு குறைவு என்பதால், ஒரே துல்லியத்துக்குப் பல மடங்கு ஆட்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.