கிராங்க் பளபளக்க ஆசிட் போடாதீர்கள்

போன மாதம் காட்பாடியிலிருந்து ஒரு தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பெடல் மாட்டும் கையான கிராங்கில் கறை போகவில்லை என்று கழிப்பறை கழுவும் ஆசிடைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். கறுப்பு நிறம் திட்டுத் திட்டாக வெளுத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தது. பார்க்கவே மனசு கஷ்டமாகிவிட்டது.

இட்லிக் குண்டான் கறுக்காமல் இருக்க ஒரு துண்டு புளி போடுகிறோம். அந்த நினைப்பில்தான் பலர் ஆசிடைக் கையில் எடுக்கிறார்கள். புளி வேறு, இது வேறு. கறுப்பு, சிவப்பு நிறத்தில் வரும் அலுமினிய பாகங்களில் பெரும்பாலும் இருப்பது பெயின்ட் இல்லை, அனோடைசிங். அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, அலுமினியத்தின் மேலேயே வளர்க்கும் ஆக்சைடு தோல் அது. தலைமுடியின் தடிமன்கூட வராது. ஆசிடும் காஸ்டிக் சோடாவும் அதைக் கரைத்துவிடும். என்னால் பட்டறையில் அதைத் திரும்ப வளர்க்க முடியாது. பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி, நல்ல தண்ணீர் போதும். உப்பான போர்வெல் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்துவிடுங்கள்.

தோல் இல்லாத பழைய பாகத்தை மெருகேற்றலாம். வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 600, 1000, 2000 நம்பர் என்று ஈரமாகத் தேய்த்து, மெட்டல் பாலிஷ் போட்டு, மெழுகு பூசுங்கள். பிரேக் கட்டை உரசும் ரிம் பக்கத்தில் மட்டும் பாலிஷ், மெழுகு எதுவுமே கூடாது, பிரேக் பிடிக்காது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் இருந்து, வேலூர் வெயிலில் வழியும் வியர்வையும் மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கினால், அலுமினியம்தான் அரிக்கும். அரிப்பில் வரும் வெள்ளைப் பொடி உப்பி, குழாயோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு பெரியவரின் சைக்கிளில் முழுநாள் போராடி, கடைசியில் அறுத்துத்தான் எடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்து, போஸ்டை உருவித் துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். பத்து நிமிஷ வேலை. கார்பன் ஃபிரேமுக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று தனி பேஸ்ட் இருக்கிறது.

அப்புறம், ஹேண்டில்பார் டேப் மாற்றும்போது அடியில் பாருங்கள். வெள்ளைப் பொடிக்குக் கீழே குழியோ, நகத்தில் தட்டும் விரிசலோ இருந்தால் பாரை மாற்றிவிடுங்கள். வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றிய உலோகம் அது. வெல்டிங் பட்ட இடம் இளகி, ஓட்டும்போதே ஒடிந்துவிடலாம்.