கல்லூரி ஆசிரியருக்கு யார் கற்றுக்கொடுப்பது?

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த வேண்டும் என்றால் பட்டம் மட்டும் போதாது. பி.எட். வேண்டும், ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். பி.எஸ்சி. வகுப்புக்குப் போவதற்கு முதுகலைப் பட்டத்தோடு, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தேர்ச்சி போதும். பொறியியல் கல்லூரியில் எம்.இ. முடித்த கையோடு வகுப்பறைக்குள் போய்விடலாம். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பிக்கும் திறன் பற்றி வருவது 50 கேள்விகளில் 5தான். நேர்காணலில் சில நிமிடம் டெமோ வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். அதிலும் எதிரே இருப்பவர்கள் பேராசிரியர்கள், மாணவர்கள் அல்ல.

கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துவது என் வேலை. அங்கே வருகிறவர்களுக்குப் பாட அறிவில் பெரிய குறை இருப்பதில்லை. அந்த அறிவு எதிரே இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தங்களுக்கு யார் எப்படி நடத்தினார்களோ அப்படியே நடத்துகிறார்கள். போர்டு போய் பி.பி.டி. வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதே பிரச்சினை ஹார்வர்டிலும் இருந்தது. இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் தன் மாணவர்களுக்கு ஓர் எளிய தேர்வு வைத்தார். கனமான லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிப்பவர்கள், கடினமான கணக்கைப் போடுபவர்கள்கூட இதில் தடுமாறினார்கள். "நீங்கள் சொல்லித் தந்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா?" என்று ஒரு மாணவர் கேட்டாராம். அதன்பிறகு மசூர் நடத்தும் முறையையே மாற்றினார். ஒரு கேள்வி கேட்பது, ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்வது, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிப்பது, மறுபடி விடை சொல்வது.

இந்த லாரி கேள்வியை நம் ஊர்ப் பொறியியல் முதலாண்டில் கேட்டுப் பாருங்கள். லாரிக்குத்தான் நிறைய கை உயரும், இரண்டும் சமம் என்பதுதான் சரியான விடை. கருவி எதுவும் தேவையில்லை, நான்கு விடைகளைத் தந்து, தேர்ந்தெடுத்த விடையின் எண்ணுக்கேற்ப ஒன்று முதல் நான்கு வரை விரல் காட்டச் சொன்னால் போதும். விவாதம் தொடங்கியதும் வகுப்பு தானாகத் தமிழுக்கு வந்துவிடும், வரட்டும். 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை தேசிய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இதில் எத்தனையோ பேர் அந்த வீட்டின் முதல் பட்டதாரிகள், பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் மௌனமாக இருக்கும் பையன் தமிழில் "இல்லடா, ரெண்டும் சமம்தான்" என்று நண்பனுக்கு விளக்கும்போதுதான் அவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது ஆசிரியருக்குத் தெரிய வரும்.

அப்புறம், காத்திருப்பது. "டவுட் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே "சரி, நெக்ஸ்ட் டாபிக்" என்று போய்விடுகிறோம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே கண்டறிந்தார். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். செலவே இல்லாத மாற்றம் இது. ஆனால் மூன்று நொடி மௌனம் முன்னால் நிற்பவருக்கு யுகமாகத் தெரியும், அதனால் பழக வேண்டியிருக்கிறது.

வினாத்தாள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி வங்கியிலிருந்து "வரையறு" என்று ஒரு டூ மார்க்கை எடுத்து, பக்கத்தில் கே3 (கற்றதைப் பயன்படுத்திப் பார்க்கும் சிந்தனை நிலைக்கான குறியீடு) என்று போட்டுவிட்டால் அது சிந்திக்க வைக்கும் கேள்வி ஆகிவிடாது.

இனி ஊக்கம். பயிற்சிக்கு அழைக்கும் நிர்வாகத்தினர் பெரும்பாலும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "கொஞ்சம் மோட்டிவேட் பண்ணிட்டுப் போங்க சார்." மே, ஜூனில் அட்மிஷன் கேன்வாசிங்குக்காக ஊர் ஊராக அனுப்பப்பட்டவர், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வேலை பார்ப்பவர், கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் நாக் குழு வருகிறது என்று ஐந்து ஆண்டு ஃபைலை ஒரே வாரத்தில் தயாரித்தவர் எல்லாம் அந்த அரங்கில் இருக்கிறார்கள். இவர்களிடம் நான் எந்த வெற்றிக்கதையைச் சொல்வது? தகுதியுள்ள கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இல் சொன்னது. தமிழக அரசுக் கல்லூரிகளில் அந்தத் தொகை 20,000இலிருந்து 25,000 ஆனதே அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். சம்பளப் பிரச்சினையைப் பேச்சாளரை வைத்துத் தீர்க்க முடியாது.

ஆனால் நல்ல சம்பளம் வாங்குபவர்களிடமும் சலிப்பைப் பார்க்கிறேன். முப்பது நாற்பது வயதிலேயே "இந்தக் காலத்துப் பசங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லை" என்று முடிவு கட்டிவிட்டவர்கள். உழைப்புக்கு எந்தப் பலனும் கண்ணில் படாமல் பத்து ஆண்டு பேசிக்கொண்டே இருந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். இவர்களில் சிலர் விரல் காட்டும் முறையை ஒரே ஒரு பாடத்தில் முயன்று பார்த்துவிட்டு, அடுத்த அமர்வுக்கு முகமே மாறி வந்திருக்கிறார்கள். ஆகவே முதலில் ஊக்கம், பிறகு திறன் என்ற வரிசையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கையில் ஒரு சின்ன உத்தி வந்து, அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பலருக்கு ஆர்வம் திரும்புகிறது. அந்த உத்திகளுக்குப் பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரமும் உண்டு. 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விரிவுரை மட்டுமே கேட்ட அறிவியல், பொறியியல் மாணவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, பங்கேற்றுக் கற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது.

நிர்வாகம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஐந்து நாள் எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) வைத்து, கடைசி நாளில் சான்றிதழும் குரூப் போட்டோவும் எடுப்பதற்குப் பதிலாக, ஒரே துறையில் இருவரை இணைத்து மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்பெஞ்சில் உட்கார நேரம் ஒதுக்குங்கள். அதற்கு ஃபார்மெட் வேண்டாம், அறிக்கை வேண்டாம், அப்ரைசலில் சேர்க்கவே வேண்டாம். மதிப்பெண் என்று வந்துவிட்டால் இருவரும் பேசிவைத்துக்கொண்டு நல்லதாகவே எழுதுவார்கள். மாணவர் கருத்தையும் செமஸ்டர் முடிந்தபின் கேட்டு என்ன பயன்? ஐந்தாவது வாரத்தில், பெயர் போடாத துண்டுச் சீட்டில், "இதுவரை எது புரியவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி போதும். அந்தச் சீட்டுகளைத் துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) கேட்டாலும் கொடுக்காதீர்கள். படித்துவிட்டு அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை அதற்கே ஒதுக்குங்கள்.