'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்': தமிழில் எப்படிச் சொல்வது?

இணையத்தில் மிக்ஸி வாங்கப் போனால், விவரப் பட்டியலில் 'கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்' என்று ஒரு வரி இருக்கும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இந்தியாவில் இதைக் கட்டாயமாக்கின. தமிழில் இதைப் 'பிறந்த நாடு' என்றும் 'தோற்ற நாடு' என்றும் எழுதுகிறார்கள். மிக்ஸி எங்கே பிறந்தது?

'ஆரிஜின்' லத்தீன் வழி வந்த சொல். 'ஓரிரி' என்றால் எழுதல், உதித்தல். சூரியன் உதிக்கும் திசையைக் குறிக்கும் 'ஓரியன்ட்' என்பதற்கும் அதுதான் வேர். நம் 'பூர்வீகம்' வடமொழிப் 'பூர்வ' என்பதிலிருந்து வந்தது. அதற்கும் முந்தையது, கிழக்கு என்று இரண்டு பொருளும் உண்டு.

ஆங்கிலத்தில் 'ஆரிஜின்' எதனோடும் ஒட்டிக்கொள்ளும். தமிழ் அப்படி விடாது. ஆற்றுக்குப் பிறப்பிடம், குடும்பத்துக்குப் பூர்வீகம், சொல்லுக்கு வேர் அல்லது சொற்பிறப்பு, உயிரினத்துக்குத் தோற்றம், கணக்கு வகுப்பின் வரைபடத்துக்கு ஆதிப்புள்ளி. 'ஹம்பிள் ஆரிஜின்ஸ்' என்பதை 'எளிய தோற்றம்' என்று எழுதினால் ஆளின் உடையைப் பற்றிச் சொன்னதாகிவிடும். 'எளிய குடும்பத்தில் பிறந்தவர்' என்றால் போதும். 'ஹெய்ல்ஸ் ஃப்ரம் மதுரை' என்பதற்கு 'மதுரைக்காரர்' என்ற ஒரு சொல்லே தாராளம்.

'மூலம்' என்பதையும் பலர் கையில் எடுக்கிறார்கள். நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பதில் அது கச்சிதமாக உட்காரும். மூலப்பொருள், மூலநூல் எல்லாம் சரிதான். ஆனால் தனியே நின்றால் நட்சத்திரமும் நோயும்தான் முதலில் நினைவுக்கு வரும். அட்டைப்பெட்டியில் 'மூலம்: சீனா' என்று பார்த்தால் சிரிப்பு வராதா?

அட்டைப்பெட்டி விஷயத்துக்கே வருவோம். 1887இல் பிரிட்டன் ஒரு வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன் சரக்குபோல வேடமிட்டு வரும் ஜெர்மன் பொருட்களை அடையாளம் காட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. 'மேட் இன் ஜெர்மனி' முத்திரை புழக்கத்துக்கு வந்தது அதனால்தான். பின்னாளில் அதுவே தரத்துக்கு அடையாளமாகிப் போனது வேறு கதை. ஆக, இங்கே கேட்கப்படுவது பொருளின் பூர்வீகமல்ல, அது தயாரான இடம். பாகங்கள் நாலு நாட்டிலிருந்து வந்திருந்தால், கடைசியாகக் கணிசமான மாற்றம் எங்கே நடந்தது என்று சுங்கத்துறை பார்க்கும். எது கணிசமான மாற்றம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

மிளகாயை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். போர்த்துக்கீசியர் வழியாக நம் குழம்புக்கு வந்தது. ஆனால் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளைவது ராமநாதபுரத்தில். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஆரிஜின்' என்றே சொல்லலாம். தமிழில் முன்னது பூர்வீகம், பின்னது விளைந்த இடம்.

அதனால் என் தேர்வு இதுதான்: மிக்ஸிக்கும் சட்டைக்கும் 'தயாரிப்பு நாடு', பருப்புக்கும் பழத்துக்கும் 'விளைந்த நாடு'. இரண்டையும் ஒரே படிவத்தில் அடக்க வேண்டுமென்றால் 'உற்பத்தி நாடு'. ஏற்றுமதிச் சரக்கோடு போகும் சான்றிதழையும் 'உற்பத்தி நாட்டுச் சான்று' என்றே சொல்லிவிடலாம்.