தகடு தயார், கம்பி எங்கே?

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. சூறாவளி சில உயர்மின் கோபுரங்களை முறித்துப் போட, மின்னழுத்தம் இரண்டே நிமிடங்களில் ஆறு முறை துவண்டு துவண்டு எழுந்தது. அடுத்த ஏழு விநாடிக்குள் ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் தங்கள் உற்பத்தியில் 456 மெகாவாட்டைக் குறைத்துக்கொண்டன. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட, பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்புத் தடத்தில் மின்சாரம் பாய்ந்தது. சுமை தாங்காமல் அந்தத் தடமும் தன்னைத் துண்டித்துக்கொள்ள, மிச்சமிருந்த எல்லாம் சரிந்தது.

காற்றாலைகள்தான் குற்றவாளி என்று உடனே அரசியல் சண்டை கிளம்பியது. விசாரணை சொன்ன கதை வேறு. காற்று நின்றுபோனதால் உற்பத்தி குறையவில்லை. குறுகிய நேரத்தில் மின்னழுத்தம் இத்தனை முறைக்கு மேல் விழுந்தால் ஒதுங்கிவிட வேண்டும் என்று காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓர் எண் பதிவாகியிருந்தது. மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலைதான் மின்தொகுப்பு; அதை நடத்தியவர்களுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. பிறகு அந்த எண்ணை மாற்றினார்கள்.

ஒரு நாடு எவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறலாம் என்று கேட்டால், நாம் சூரியத் தகடுகளையும் காற்றாலைகளையும் எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். 2010க்கும் 2020க்கும் இடையில் தகட்டின் விலை ஏறத்தாழ 90 சதவீதம் விழுந்தது. அந்தப் பக்கம் பெரிய முட்டுக்கட்டை இப்போது இல்லை. வேகத்தைப் பிடித்து இழுப்பவை, தாமாக ஒரு யூனிட் மின்சாரம்கூடத் தயாரிக்காதவை: கம்பிகள், துணைமின் நிலையங்கள், சும்மா சுழலும் சில இயந்திரங்கள், கடன் பத்திரங்கள்.

இதில் கண்ணுக்கு எளிதில் படாதது சுழற்சி. மின்தொகுப்பில் எந்த நொடியிலும் உற்பத்தியும் பயன்பாடும் சமமாக இருக்க வேண்டும். உலகின் பெரும்பகுதியில் மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. சில நாடுகளில் 60 முறை. 50 முறை ஊசலாடும் தொகுப்பில், அனல்மின் நிலையத்தின் பெரிய டர்பைனும் ஜெனரேட்டரும் பொதுவாக நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழல்கின்றன. ஒரே தொகுப்பில் இணைந்த இத்தகைய இயந்திரங்கள் அனைத்தும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒரே அச்சில் கோத்ததுபோல் சேர்ந்தே சுற்றுகின்றன. எங்கோ ஒரு மின் நிலையம் திடீரென நின்றுவிட்டால், மற்றவற்றின் மீது சுமை ஏறுகிறது, அவை கொஞ்சம் மெதுவாகின்றன, விநாடிக்கு 50 என்ற அந்த ஊசலாட்ட எண்ணிக்கை, அதாவது அதிர்வெண், இறங்குகிறது. நீராவி வால்வைக் கூடுதலாகத் திறந்து வேகத்தை மீட்கச் சில விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் ஊரைத் தாங்குவது, சுழன்றுகொண்டிருக்கும் அந்த எஃகுப் பாரத்தில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல்தான். பெடலை மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் ஓடிக்கொண்டிருப்பதற்கு என்ன காரணமோ, அதே நிலைமம்தான் இங்கேயும்.

சூரியத் தகட்டில் சுழல்வதற்கு எதுவுமில்லை. அது தருவது நேர்திசை மின்சாரம். இன்வெர்ட்டர் தன் மின்னணு ஸ்விட்ச்களை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, அதை மாறுதிசை அலையாக வடிக்கிறது. காற்றாலையின் இறக்கைகள் சுழலத்தான் செய்கின்றன. ஆனால் நவீனக் காற்றாலைகளில் இடையே மின்னணுக் கருவி புகுந்துவிடுவதால், அந்தச் சுழற்சியின் பலம் தொகுப்புக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. வழக்கமான இன்வெர்ட்டர் ஒரு பின்தொடர்பவன். தொகுப்பில் ஏற்கெனவே இருக்கும் அலையைப் பார்த்து, அதோடு தாளம் சேர்ந்து மின்சாரத்தைச் செலுத்தும். எல்லோரும் பின்தொடர்பவர்கள் ஆகிவிட்டால் யாரைப் பின்தொடர்வது?

இதற்குத் தெற்கு ஆஸ்திரேலியா கண்ட விடைகளில் ஒன்று சுவையானது. 2021இல் அங்கே நான்கு 'சிங்க்ரனஸ் கண்டென்சர்'களை நிறுவினார்கள். பெயர்தான் மிரட்டுகிறது, அடிப்படையில் அது எரிபொருளும் டர்பைனும் இல்லாத ஒரு ஜெனரேட்டர். தொகுப்பிலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நிலைமத்தைத் தரும், மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அதுவரை நிலைத்தன்மைக்காகவே சில எரிவாயு நிலையங்களைக் கட்டாயமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டாயம் தளர்ந்தது. இன்னொரு விடை, 2017 இறுதியில் அங்கே இயங்கத் தொடங்கிய ஹார்ன்ஸ்டேல் பேட்டரி. பின்னர் விரிவாக்கப்பட்ட அது, 2022 முதல் சுழலும் இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் வகை இன்வெர்ட்டர்களால் நிலைமத்தையும் வழங்குகிறது. இவை அலையைத் தாமே உருவாக்குபவை, பின்தொடர்பவை அல்ல. அன்று இருண்ட மாநிலம் இப்போது தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தைக் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுக்கிறது.

அயர்லாந்து இதையே படிப்படியாகச் செய்தது. காற்று போன்ற 'சுழலாத' மூலங்கள் ஒரு நொடியில் தொகுப்பில் அதிகபட்சம் 50 சதவீதம் வரைதான் இருக்கலாம் என்ற வரம்பைச் சோதித்துச் சோதித்து உயர்த்தி, 2022இல் 75 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு காற்றாலையைக்கூடப் புதிதாக நடாமல், ஏற்கெனவே நட்டவற்றிலிருந்து கூடுதல் மின்சாரம் எடுக்கும் வழி இது.

மாலைப் பிரச்சினை பலருக்கும் தெரிந்ததுதான்: வெயில் சாய்கிறது, விளக்குகள் எரிகின்றன. சில மணி நேரத்துக்கான அந்தப் பள்ளத்தை பேட்டரிகள் நிரப்பத் தொடங்கிவிட்டன. கலிபோர்னியாவில் 2024இல் அவற்றின் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. வாரக்கணக்கில் காற்றும் வெயிலும் மந்தமாக இருக்கும் காலம்தான் கடினம். அதற்கு நீர்த்தேக்கங்களும் அண்டை நாட்டு இணைப்புகளும் வேண்டும்.

கம்பிகளுக்கு வருவோம்; என் பார்வையில் உண்மையான தாமதம் இங்கேதான். உலகம் முழுக்கக் குறைந்தது 3,000 ஜிகாவாட் அளவுக்கான புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்கள் இணைப்புக்காகக் காத்திருப்பதாகச் சர்வதேச எரிசக்தி முகமை 2023இல் கணக்கிட்டது. அவற்றில் பாதி நன்கு முன்னேறிய நிலையில் இருந்தவை. வரிசை ஏன் நகர்வதில்லை? ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும், அதை இணைத்தால் எந்தக் கம்பியில் எவ்வளவு பாயும், எந்த டிரான்ஸ்ஃபார்மர் திணறும் என்று கணித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்பவர்களின் கணக்கு முழுவதும் மாறும். இடம் பிடித்து வைப்பதற்காகவே போட்ட விண்ணப்பங்களும் ஏராளம். அமெரிக்காவின் கூட்டாட்சி ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் விதியைத் திருத்தியது: முதலில் வந்தவருக்கு என்றிருந்ததை, முதலில் தயாரானவருக்கு என்று மாற்றி, விண்ணப்பங்களைக் கூட்டங்கூட்டமாக ஆராயச் சொன்னது. அலுவலக விதிதான். ஆனால் இந்தத் துறையில் ஒரு விதி பல மின் நிலையங்களுக்குச் சமம்.

சூரியப் பண்ணையை ஓரிரு ஆண்டில் எழுப்பிவிடலாம். நீண்ட மின்தடத்துக்குப் பத்தாண்டுகூட ஆகலாம். மின் நிலையம் இல்லாமல் கம்பி எதற்கு என்பார் ஒருவர், கம்பி இல்லாமல் நிலையம் எதற்கு என்பார் இன்னொருவர். டெக்சாஸ் இந்த முடிச்சை எதிர்ப்பக்கத்திலிருந்து அவிழ்த்தது. 2005இல் இயற்றிய சட்டத்தின்படி காற்று வளமுள்ள பகுதிகளை முதலில் வரைபடத்தில் குறித்தது. காற்றாலைகள் வரட்டும் என்று காத்திராமல், சுமார் 700 கோடி டாலர் செலவில் ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் மின்தடங்களை 2014 தொடக்கத்துக்குள் முடித்தது. காற்றாலைகள் பின்னாலேயே வந்தன.

புதுக் கோபுரம் நடாமலும் வழி உண்டு. மின்கம்பியில் எவ்வளவு அனுப்பலாம் என்பதைப் பெரும்பாலும் சூடுதான் முடிவு செய்கிறது. சூடேறினால் உலோகம் நீண்டு, கம்பி ஆபத்தான அளவுக்குத் தரையை நோக்கித் தொய்கிறது. எஃகு மையத்துக்குப் பதில் கார்பன் இழை மையம் கொண்ட கம்பியை அதே கோபுரங்களில் மாட்டினால் தொய்வு குறையும். ஏறத்தாழ இருமடங்கு மின்சாரம் போகும். மேலும், காற்று கம்பியைக் குளிர்விக்கும். காற்றாலைகள் முழு வேகத்தில் ஓடும் நாளில், அதே காற்று வீசும் பகுதியின் கம்பிகளாலும் கூடுதலாகத் தாங்க முடியும். கோடையின் மிக மோசமான நாளை வைத்து ஆண்டு முழுவதற்கும் ஒரே வரம்பு விதிக்காமல், அந்தந்த நேரத்தை அளந்து வரம்பை மாற்றினால் இந்த லாபம் சும்மா கிடைக்கிறது.

பிறகு வட்டி. நிலக்கரி நிலையத்துக்கு எரிபொருள் செலவு ஆண்டுதோறும் வரும். காற்றாலைக்குச் செலவின் பெரும்பகுதி முதல் நாளிலேயே வந்துவிடும். ஆகவே கடன் வட்டி ஏறினால் காற்றின் விலை ஏறுகிறது. உருகுவே இதைப் புரிந்துகொண்டு ஏலம் நடத்தி, அரசு மின் நிறுவனமே 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களைக் கொடுத்தது. உறுதியான வரவு தெரிந்ததால் கடன் மலிவானது. 2008 வாக்கில் அங்கே காற்று மின்சாரம் பெயரளவுக்குத்தான் இருந்தது. பத்தே ஆண்டுகளில் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கானது. காற்று வீசும்போது அணைநீரைத் தேக்கி வைத்து, ஓய்ந்தபோது திறந்துவிட்டார்கள்.

மூடப்படும் அனல்மின் நிலையத்தில் இனி மதிப்புள்ளது கொதிகலன் இல்லை, வாசலில் நிற்கும் மின்தட இணைப்புதான். விக்டோரியாவில் 2017இல் மூடிய ஹேசல்வுட் நிலக்கரி நிலையத்தின் இடத்தில் 2023இல் 150 மெகாவாட் பேட்டரி இயங்கத் தொடங்கியது. அயர்லாந்தின் மணிபாயின்ட் நிலையம் 2025இல் நிலக்கரி எரிப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே அதே வளாகத்தில் ஒரு சிங்க்ரனஸ் கண்டென்சரை, ராட்சதச் சுழல்சக்கரத்தோடு நிறுவிவிட்டார்கள்.