வால்வு: கதவிலிருந்து மடை வரை

நாகர்கோவில் பக்கத்தில் வால்வு என்னும் சொல் மூன்று இடங்களில் காதில் விழும். சைக்கிள் கடையில் காற்று நிற்காத சக்கரத்துக்கு 'வால்டியூப்' மாற்றும்போதும், கிணற்றில் பம்ப்செட்டின் 'ஃபுட்வால்வு' குப்பை சிக்கி மூடாமல் போகும்போதும், இதய மருத்துவர் எக்கோ படத்தைக் காட்டிப் பேசும்போதும் அதைக் கேட்கலாம். அறுபதை நெருங்குகிறவர்களுக்கு நான்காவது வால்வு ஒன்றும் நினைவிருக்கும். பழைய வானொலிப் பெட்டியிலும் மைக் செட்டின் ஆம்ப்ளிஃபையரிலும், கண்ணாடிக் கூட்டுக்குள் செந்தணலாகக் கனன்ற வால்வு அது. அத்தகைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வீட்டிலேயே கட்டி, கட்டியதைப் பலமுறை பிரித்து மாற்றியமைத்தவன் என்ற முறையில், அந்த வால்வின் பெயர் எங்கிருந்து வந்தது, அதற்குத் தமிழில் எது பொருந்தும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இலத்தீனில் 'வால்வா' என்றால் மடக்குக் கதவின் ஒரு பலகை என்று பொருள். அது ஆங்கிலத்துக்குப் போய், நாளடைவில் நீரையோ காற்றையோ குருதியையோ ஒரு திசையில் விட்டு மறுதிசையில் தடுக்கும் எந்த மூடிக்கும் பெயராயிற்று. மின்னியலுக்குள் அதைக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங். சூடான இழைக்கு அருகே, மின்விளக்கின் கண்ணாடிக்குள்ளேயே, தனியாக ஒரு தகட்டை வைத்தால் அந்தத் தகடு நேர்மின் பக்கம் இணைக்கப்பட்டிருக்கும்போது மட்டும் வெற்றிடத்தைத் தாண்டி மின்னோட்டம் செல்கிறது என்பதை எடிசன் 1880-களிலேயே கண்டிருந்தார். கம்பியில்லாத் தந்தியின் அலைகளைக் கண்டறிய இந்த ஒருவழிப் போக்கு உதவும் என்று 1904-இல் கண்ட ஃபிளெமிங், தம் கருவிக்கு 'அலைவு வால்வு' என்று பெயரிட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே பொருளை அமெரிக்கர்கள் 'டியூப்' என்றார்கள்.

உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிப்பது நம் இலக்கண மரபு. அந்தக் கணக்கில் பார்த்தால் வால்வு என்பது வினையால் வந்த பெயர். டியூப் என்பது மெய்யால், அதாவது வடிவத்தால் வந்த பெயர். செய்யும் வேலையைப் பார்த்து ஒருவர் பெயரிட, உடம்பைப் பார்த்து இன்னொருவர் பெயரிட்டிருக்கிறார். இந்த இரண்டையும் ஒட்டவைத்து 'வால்டியூப்' என்று ஒரே சொல்லாக்கிய பெருமை நம்மூர் சைக்கிள் கடைகளுக்கு உரியது. (சிறுவயதில் அதை 'வால்' என்றே நான் புரிந்துகொண்டிருந்தேன், அந்தச் சிறு ரப்பர்க் குழலின் தோற்றமும் அதற்கு இடம்கொடுத்தது.) ஃபிளெமிங்கின் கருவி செய்த வேலையைத்தான் அந்த ரப்பரும் செய்கிறது: பம்பிலிருந்து வரும் காற்றை உள்ளே விடும், உள்ளே போன காற்றை வெளியே விடாது.

நம் நாட்டு ரேடியோ மெக்கானிக்குகள் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றி வால்வு என்றே சொன்னார்கள். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வானொலிக்கான வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கிய பின்னும் அந்தப் பெயரே நிலைத்தது. எழுத்துத் தமிழ் மட்டும் அமெரிக்கப் பெயரைத் தழுவி 'வெற்றிடக் குழாய்' என்று ஆக்கிக்கொண்டது. இச்சொல்லில் எனக்கு ஒரு தடையும் ஒரு மகிழ்ச்சியும் உண்டு.

தடை, எங்கள் ஊர் வழக்கினால் வருவது. கோயில் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் தென்னை உச்சியில் கட்டுகிற கூம்பு ஒலிபெருக்கிக்கே இங்கே குழாய் என்று பெயர். தக்கலை அருகே வெகுகாலம் மைக் செட் நடத்திய ஒரு முதியவரிடம், பழைய ஆம்ப்ளிஃபையரின் வெற்றிடக் குழாய் ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்று கேட்டேன். "குழாயா? அது தென்னையில கெட்டுனதுல்லா. நீ கேக்கது வால்வு மக்ளே" என்று திருத்திவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து நான்கை எடுத்துத் தந்தார். இரண்டின் ஊசிகளில் கடற்காற்று பச்சைக் களிம்பு ஏற்றியிருந்தது. மூன்றாவதன் தலைப்பகுதியில் பால் தெளித்ததுபோல வெள்ளை படிந்திருந்தது.

மகிழ்ச்சிக்குக் காரணம் அந்த வெள்ளைதான். நல்ல வால்வின் கண்ணாடியில், உட்புறமாக, கண்ணாடிக்கு ரசம் பூசியதுபோல ஒரு படலம் பளபளக்கும். எஞ்சிய வாயுவை உறிஞ்சிக்கொள்வதற்காக உள்ளே ஆவியாக்கிப் படியவைத்த பேரியம் அது. கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அந்தப் படலம் வெளுத்துவிடும். அதன்பின் அந்த வால்வு எதற்கும் ஆகாது. ஆகவே 'வெற்றிடம்' என்ற அடைமொழி சும்மா ஒட்டிக்கொண்டதன்று. தொடக்கத்தில், வால்வைப் பெருக்கியாக வளர்த்த அமெரிக்கர் லீ டி ஃபாரஸ்ட்கூட உள்ளே சிறிது வாயு இருந்தால்தான் கருவி வேலை செய்யும் என்று நம்பியிருந்தார். உயர் வெற்றிடமே வேண்டியது என்பதை 1912, 1913 வாக்கில் ஹெரால்டு ஆர்னால்டும் இர்விங் லாங்மியூரும் நிறுவிய பின்னரே வால்வு நம்பத்தக்க பெருக்கியாயிற்று.

இயந்திரங்களில் வரும் வால்வுக்குத் தமிழில் அடைப்பிதழ், ஓரதர் என்னும் சொற்கள் உள்ளன. அதர் என்பது வழியைக் குறிக்கும் சங்ககாலச் சொல். ஓர் அதர், ஒரே வழி. ஃபிளெமிங்கின் கருவிக்கு இதைவிட அழகான பெயர் அமையாது. என் ஆம்ப்ளிஃபையரில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் இஇசட்81 என்னும் வால்வும் இந்தப் பெயருக்கு முழுத் தகுதி உடையது. ஆனால் ஒலியைப் பெருக்குகிற வால்வை ஓரதர் என்றால் அதன் முதன்மையான வேலை பெயருக்கு வெளியே நின்றுவிடும். 1906-இல் டி ஃபாரஸ்ட் இழைக்கும் தகட்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு கம்பி வலையைப் புகுத்தினார். அன்று முதல் வால்வு, வழியைத் திறந்து மூடும் கதவு என்பதோடு நில்லாமல், எவ்வளவு போக வேண்டும் என்று அளந்து விடும் பொருளாயிற்று.

இதற்கு நாஞ்சில் நாட்டார் வெளியே தேட வேண்டியதில்லை, அது மடை. அதே 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் சானல் வழியாக வந்து சேரும் இடத்தில், ஒருவர் கையால் பலகையைச் சிறிது உயர்த்தினால் ஒரு வயலுக்குரிய நீர் முழுதும் பாயும். பலகையைத் தூக்கும் வலு நீரைத் தள்ளுவதில்லை. நீரைத் தள்ளுவது அணையின் உயரம். இஎல்84 என்னும் வால்விலும் நடப்பது அதுவே. தகட்டில் 250 வோல்ட் காத்திருக்கிறது. வலை, இழை சூடாக்கும் எதிர்மின்வாயைவிட ஏறக்குறைய 7 வோல்ட் தாழ்ந்திருக்கும் நிலையில் 48 மில்லியாம்பியர் ஓடுகிறது. வலையில் 4 வோல்ட் அளவுக்கு இசையலை ஆடினால் போதும், அந்த ஓட்டம் முழுதும் அதோடு சேர்ந்து ஆடி, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வழியாக 5 வாட் ஒலி ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும்.

மடை என்னும் ஒப்புமை ஏட்டளவில் நில்லாதது என்பதை ஒரு பழுதுதான் எனக்குக் காட்டியது. முதலில் கட்டியபோது, பழைய வானொலியிலிருந்து கழற்றிய 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரையே இரு வால்வுகளுக்கு இடையே பற்றவைத்திருந்தேன். உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து இசையலையை மட்டும் கடத்துவது அதன் வேலை. பத்து நிமிடத்தில் இடப்பக்கத்து இஎல்84-இன் தகடு பக்கவாட்டில் மங்கலாகச் சிவந்து, பின் நன்றாகவே சிவந்தது. சுழியாக இருக்க வேண்டிய வலையில் மீட்டர் 6 வோல்ட் காட்டியது. முன்னால் உள்ள இசிசி83 வால்வின் உயர் மின்னழுத்தம் கண்டன்சர் வழியே கசிந்து வலையை உயர்த்திவிட்டது. மடைப்பலகை இறங்காமல் மேலேயே நின்றுவிட்டது. புதுக் கண்டன்சர் மாற்றியதும் சிவப்பு மறைந்தது. மாற்றுவதற்கு முன், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வடிகட்டிக் கண்டன்சர்களில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னேற்றம் தங்கும் என்பதால், அதை ஒரு மின்தடை வழியே வடித்து, மீட்டரில் சுழி பார்த்த பிறகே உள்ளே கைவைத்தேன். இதில் சோம்பல் ஆகாது.

முனைகளை எண்ணிப் பெயரிடும் முறை தமிழுக்கு எளிதாக வாய்த்திருக்கிறது: இருமுனையம், மும்முனையம், ஐம்முனையம். ஐரோப்பியக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் அதுவும் ஒரு சொல் விளக்கமே. இசிசி83-இல் முதலெழுத்து இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்கிறது. இரண்டு 'சி' ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மும்முனையங்கள் என்கின்றன. 8 என்பது ஒன்பது ஊசி அடித்தளத்தைக் குறிக்கிறது. இஎல்84-இன் 'எல்' ஆற்றல் தரும் ஐம்முனையம். அதன் இரண்டாம் வலையான திரை வலையை 100 ஓம் மின்தடை வழியாகத் தகட்டோடு இணைத்து மும்முனையம்போல ஓட்டிப் பார்த்தேன். ஒலி மென்மையானது, ஆற்றல் பாதிக்கும் கீழே போயிற்று. சிறிய அறைக்கு அது போதும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

ஆம்ப்ளிஃபையர் என்னும் சொல்லின் வேர், பெரிய, விரிந்த என்று பொருள்படும் இலத்தீன் 'ஆம்ப்ளஸ்'. தமிழில் பெருக்கி என்பது நேரான ஆக்கம். வீடு கூட்டுவதும் பெருக்குவதுதானே என்று சிரிப்பவர்கள் உண்டு. அது பெரிய குழப்பமன்று. உண்மையான குழப்பம் 'ஒலிபெருக்கி'. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. பெருக்கி வந்த மின்னலையை அது ஒலியாக மாற்றுகிறது. ஆயினும் அந்தப் பெயர் ஸ்பீக்கரிடம் போய் நிலைத்துவிட்டதால், ஆம்ப்ளிஃபையரைப் பெருக்கி என்று தனித்தே சொல்வது நல்லது.

பின்னூட்டம் என்றால் இன்று கருத்துரை என்று பொருள் கொள்கிறார்கள். வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளீட்டுக்கே ஊட்டுவது அதன் மின்னியல் பொருள். எதிராக ஊட்டினால் ஒலியின் திரிபு குறையும்; தவறி நேராக ஊட்டினால் பெருக்கி தானே ஊளையிடும். என்னுடையது ஊளையிட்டது, தெருவில் நாய்களும் சேர்ந்துகொண்டன. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்றுக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றிப் பற்றவைத்ததும் அடங்கிற்று.

எழுத்தில் நான் 'வெற்றிடக் குழல்' என்கிறேன். குழாய் தென்னைக்கே இருக்கட்டும் என்பது ஒரு காரணம். குழல் என்றதும் இசை நினைவுக்கு வருவது இன்னொன்று. இருமுனையத்தை மட்டும் குறிக்கும்போது ஓரதர் என்று எழுதத் தயங்குவதில்லை. என் கையால் வரைந்த சுற்றுப்படத்தில் வலை வரும் இடத்தில் பென்சிலால் 'மடை' என்று குறித்திருக்கிறேன். அந்த முதியவரிடம் மீண்டும் போய் நின்றால், வால்வு இருக்கிறதா அண்ணாச்சி என்றுதான் கேட்பேன்.